மஞ்சள் பட்டை

இரண்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோதுதான் பின்னால் வரும் காலடியைக் கவனித்தேன். விடுமுறை நாளில் எங்கள் ஊரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் அது. முந்நூறு பேர் ஓடுகிற சாலையில் காலடி கேட்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மற்ற காலடிகள் நெருங்கும், தாண்டும், போய்விடும். இது போகவில்லை. என் கால் விழுந்த மறுநொடி, பத்தடி தள்ளி அதுவும் விழுந்தது. தண்ணீர் மேஜையருகே நின்று இரண்டு மிடறு குடித்தேன். அதுவும் நின்றது. ஷூ நாடாவை இறுக்குவதுபோல் குனிந்து பின்னால் பார்த்தேன். பச்சைச் சட்டை, தலையில் தொப்பி. தெருமுனை பேக்கரிக்காரர்.

யார் அனுப்பியது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நான் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையின் மை உள்ளே இறங்கியிருக்கிறதா, மேலேயே மிதக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மிதந்தால் போலி. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தால் செருப்போடு வாசலில் கழன்றுவிடுவதில்லை.

போன வருடம் இதே ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது முதலுதவிக் கூடாரத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதன் பிறகு நான் கடைக்குப் போனால் அவருக்கும் ஏதோ வாங்க வேண்டியிருக்கும். குளியலறையில் ஐந்து நிமிடம் அதிகமானால் கதவுக்கு வெளியே இருமல் கேட்கும். மகள் ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்து தண்ணீர் குடித்தேனா என்று விசாரிப்பாள். "ஒத்தைக் கயித்துல எந்த லிஃப்டும் தொங்காதும்மா," என்பார் அவர், எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்டால். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

இந்த வருடம் பெயர் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கயிறு அவுக்கறதுக்குள்ள வந்துட்டா உன் இஷ்டம். வரலேன்னா அந்த ஷூவை யாருக்காவது குடுத்துடு." முடிவுக் கோட்டின் இரு பக்கமும் கயிறு கட்டியிருப்பார்கள். ஓட்டத்தை நடத்தும் விசில்காரர் சரியாக எண்பதாவது நிமிடம் அதை அவிழ்த்துச் சுருட்டிவிடுவார். அதன் பிறகு வருபவர்கள் சும்மா சாலையில் நடந்து வந்தவர்கள். நானும் ஒரு நிபந்தனை போட்டேன். "யாரும் என் கூட வரக்கூடாது."

"சரி," என்றார். அவ்வளவு சுலபமாக. அந்த 'சரி'யில் மை மேலேயே மிதந்தது.

ரொட்டியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர் கடந்த ஒரு மாதமாக பேக்கரிக்குப் போய்வந்தார். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் இருவர் பேச்சும் சட்டென்று நின்றது. பேக்கரிக்காரரோ என் முகத்தைப் பார்க்காமலேயே பொட்டலத்தை நீட்டினார். குற்றமுள்ள நெஞ்சு என்று குறித்துக்கொண்டேன்.

ஓடும்போது எனக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருவருக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்வேன். மூன்றாவது எப்போதும் என் வீட்டுக்காரருக்கு. அன்று மூன்றாவது பலகை வந்தபோது வாயை மூடிக்கொண்டு தாண்டினேன்.

ஆறு தாண்டியும் காலடி விடவில்லை. வேகம் கூட்டினால் கூடியது. எனக்கு மூச்சைவிட ஆத்திரம்தான் அதிகம் வாங்கியது. நான் என்ன, காவல் போட்டுக் கூட்டிப்போக வேண்டிய கைதியா? ஏழாவது பலகைக்குச் சற்று முன்னால், அச்சகத்தை ஒட்டி இடப்பக்கம் ஒரு சந்து பிரியும். ஓட்டம் நேராகப் போகிறது. ஓட வந்தவர் என்றால் நேரே போவார். எனக்காக வந்தவர் என்றால் சந்துக்குள் வருவார்.

சட்டென்று திரும்பினேன். காலடியும் திரும்பியது.

பாதிச் சந்தில் வண்டிகள் நுழையாதபடி முழங்கால் உயரத்துக்குச் சங்கிலி கட்டியிருந்தார்கள். தாண்டிக் குதித்தேன். பின்னால் சங்கிலி கலகலத்தது. தொடர்ந்து ஓர் ஆள் விழும் சத்தம்.

"எவ்வளவு நாளா இந்த உளவு வேலை?" கை கொடுத்துத் தூக்காமல் நின்றபடியே கேட்டேன்.

"என்னக்கா?"

"ஓட்டம் நேரா போகுது. நீங்க எதுக்கு இந்தச் சந்துக்குள்ள வந்தீங்க?"

அவர் தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார். இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவரைப் போல. "சந்தா? நாம ரோட்டுல இல்லையா?"

குனிந்து அவர் கண்ணைப் பார்த்தேன்.

"பக்கத்துல இருக்கறது எதுவும் தெரியாதுக்கா," என்றார். "குழாய் வழியாப் பாக்கற மாதிரி, நேரா இருக்கறது மட்டும்தான். தனியா ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க குதிங்கால்ல மஞ்சப் பட்டை இருக்கே, அதை மட்டும் பாத்துக்கிட்டே வந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"உங்க வீட்டுக்காரர்தான் வேணாம்னாரு. 'அவ லிஃப்ட் மாதிரி ஒரே சீரா ஓடுவா, பின்னாலயே போங்க, வழி தவறாது. ஆனா யாரோ கூட வராங்கன்னு தெரிஞ்சா அவளுக்குப் பிடிக்காது'ன்னாரு."

அவருடைய முழங்காலிலிருந்து ரத்தம் காலுறை வரை இறங்கியிருந்தது. மண்டியிட்டு என் கைக்குட்டையை அதில் கட்டினேன். போன வருடம், முகமே நினைவில்லாத யாரோ ஒருவர் என் தலையைத் தரையில் படாமல் மடியில் வைத்திருந்தாராம். நான் இந்த மனிதரைச் சங்கிலியிடம் கூட்டிவந்திருக்கிறேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தேழு நிமிடம். இன்னும் மூன்று கிலோமீட்டர்.

"நீங்க போங்கக்கா. நான் சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா வந்துடறேன். உங்க ஷூ போயிடும்."

"ஷூ விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேக்கரியில எல்லாரும் எல்லாத்தையும் சொல்வாங்கக்கா," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இவரை எனக்குக் காவல் வைத்தாரா, என்னை இவருக்கா? எந்த ஜன்னல் வெளிச்சத்திலும் தெரிகிற விஷயமாக இல்லை அது.

"எந்திரிங்க," என்று கை நீட்டினேன். மாவு பிசைந்து பிசைந்து இறுகிய கை. "என் பட்டையை விடாதீங்க."

சாலைக்கு வந்து ஓடினோம். எனக்கு வழக்கமான வேகம் அவருக்கு இப்போது அதிகம். அவர் நொண்டுவது காலடியில் கேட்டது: ஒன்று அழுத்தமாக, ஒன்று லேசாக. நான் முன்னால் பார்த்தபடியே குரல் கொடுத்தேன். "குழி." "வலது பக்கம் திரும்பறோம்." "வேகத்தடை."

"மாடி வந்தா லிஃப்ட் சொல்ற மாதிரியே இருக்குக்கா!"

"பேசாம ஓடுங்க."

சிரித்துவிட்டேன். விட்டுப்போன மூன்றாவது கிலோமீட்டரின் வேண்டுதலை ஒன்பதாவதில் சொல்லி முடித்தேன். காலடி பின்தங்கியபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். குறைத்தபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

கடைசித் திருப்பத்தில் முடிவுக் கோடு தெரிந்தது. கூட்டம் கலைந்திருந்தது. விசில்காரர் குனிந்து முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தோளில் துண்டோடு என் வீட்டுக்காரர். அவர் கண் என் மேல் விழுவதற்கு முன்பே எனக்குப் பின்னால் போனது. பச்சைச் சட்டையைப் பார்த்தது, கைக்குட்டை கட்டிய முழங்காலைப் பார்த்தது, அப்புறம்தான் என்னிடம் வந்தது. புருவம் சுருங்கியது.

"முன்னால ஒரு மேடு," என்று பின்பக்கம் சொல்லிவிட்டு, குதிங்காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஓடினேன்.

விசில்காரர் நிமிர்ந்து இரண்டாவது முடிச்சுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தார்; எங்கோ தூரத்தைக் காட்டினார்; சிரித்தார். அவருடைய இன்னொரு கை, தற்செயலாக வைத்ததுபோல், அந்த முடிச்சின் மேல் இருந்தது.