எல்லா எண்களையும் விடுவி

நிம்மதியின் விலை மாதத்துக்குத் தொண்ணூற்றொன்பது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாத நிம்மதி இலவசம். வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் அந்த ஆப் இப்படித்தான் விலை போட்டிருந்தது. திரைச்சீலைக் கடைக்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பேரம் பேச எதிரே ஆள் இல்லை. மருந்துக் கடையில்கூட "அட்டையா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க" என்று கேட்பவர் என்பதால் தெரு முழுக்க அவருக்குத் தள்ளுபடியார் என்றுதான் பெயர்.

கடைசியில் காசில்லாமல் கிடைத்த பாதி நிம்மதியை இறக்கிக்கொண்டார். அதில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டித் தடுக்கலாம், விடுவிப்பதும் ஒவ்வொன்றாகத்தான். 'எல்லா எண்களையும் விடுவி' என்ற பொத்தான் பூட்டுப் படத்தோடு மங்கலாகக் கிடந்தது. அது காசு கட்டியவர்களுக்கு. பிடித்துப்போட்டவர்களை எவனாவது கூண்டோடு அவிழ்த்துவிடுவானா என்று அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு வாரமாக வேட்டைதான். வீட்டுமனை, கடன் அட்டை, முழங்கால் தைலம் என்று எவர் கூப்பிட்டாலும் கம்பெனிப் பெயரை முழுசாகச் சொல்ல விடமாட்டார். பாதியில் வெட்டுவார், தடுப்பார், அழைப்புப் பட்டியலிலிருந்தும் அழித்துவிடுவார். கல்லாவில் குப்பை கிடப்பது அவருக்குப் பிடிக்காது. கடன் தருகிறேன் என்று விடாமல் கூப்பிடும் ஒரு பெண்ணுக்கு மட்டும் தனிச் சரித்திரம். முதல் நாள் அவளோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி வட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, எனக்குக் கடனே வேண்டாம், சும்மா நிலவரம் பார்த்தேன் என்று வைத்துவிட்டார். அவளும் சளைக்காமல் வேறு வேறு எண்ணிலிருந்து வந்தாள். ஏழு எண்களைத் தடுத்தாயிற்று.

அன்று நண்பகல் கணக்கு ஐம்பத்தெட்டைத் தொட்டது. வெட்டும் மேசையில் நீலத் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வெற்றிச் செய்தி சொன்னார். இருபது நிமிடத்துக்கு முன்னால் மாட்டியது ரொம்ப வேடிக்கை என்றார்.

"நல்ல சேதி சார்ங்கறா. லிஸ்ட்ல இப்ப முதல் ஆளு நாமதானாம், ஒரு மணி நேரத்துல சொல்லணுமாம். எந்த ஊரு லாட்டரிம்மான்னு கேட்டேன். அதுக்கு, காய்ச்சல் சளி எதுவும் இருக்கான்னு கேக்கறா. லாட்டரிக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்? தூக்கிப் போட்டேன்."

கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது.

தள்ளுபடியாரின் தம்பி மூன்று வருடமாக மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இன்றும் அந்த மையத்தில்தான் படுத்திருந்தான். அவன் போன் அங்குள்ள பெட்டிக்குள். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியின் படிவத்தில் அண்ணன் எண்ணை முதலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக. "தம்பிக்குக் கிட்னி வந்திருக்கு. நீங்க அதைப் பிளாக் பண்ணிட்டீங்க."

மணி பன்னிரண்டு. அழைப்பு வந்தது பதினொன்று நாற்பதுக்கு. மிச்சம் நாற்பது நிமிடம்.

மனைவி தன் போனில் ஆஸ்பத்திரியின் பொது எண்ணைப் பிடித்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டு அது புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது. தள்ளுபடியார் தடுத்தவர் பட்டியலைத் திறந்தார். வந்த நேரப்படி இல்லை, எண் வரிசைப்படி ஐம்பத்தெட்டும் ஒரே முகத்தோடு நின்றன. அழைப்புப் பட்டியலோ துடைத்துவிட்ட கல்லா. ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆப், உறுதியாகவா என்று இரண்டு தரம் கேட்டது. நாலு எண்ணை அவிழ்ப்பதற்குள் விரல் வியர்த்து வழுக்கியது. மங்கலாகக் கிடந்த அந்தப் பொத்தானைப் பார்த்தார்.

தொண்ணூற்றொன்பது. வாழ்நாளில் முதல் முறையாக, குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார். பூட்டு திறந்தது. ஐம்பத்துநாலு பேரும் ஒரே தட்டில் வெளியே வந்தார்கள்.

வெளியே வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த நிமிடமே மணி அடித்தது. பாய்ந்து எடுத்தார், ஏரிக்கரையில் மனை. மறுபடி மணி, கடன் அட்டை. அதை வைப்பதற்குள் இன்னொன்று. பதிவுசெய்த குரலிடம், அம்மா நீங்க ஆஸ்பத்திரிதானே என்று ஒரு நிமிடம் கெஞ்சியிருக்கிறார். மணி பன்னிரண்டு இருபது. ஆஸ்பத்திரி இதற்குள் கூப்பிட்டுப் பார்த்து, லைன் பிஸி என்று போயிருந்தால்?

அடுத்து வந்தது கடன்காரப் பெண்.

"என்ன சார், நீங்களே எடுத்துட்டீங்க? வட்டி இறங்குச்சான்னு பாக்கவா?"

வைக்கப்போன கை நின்றது. "இந்தாம்மா, உங்க ஆபீஸ்ல என் நம்பர் எத்தனை பேருகிட்ட இருக்கு?"

"நாப்பது பேரு சார். எல்லா கம்பெனிக்கும் நாங்கதான் பேசுறோம். 'ஜாக்கிரதை, பேரம் பேசியே கொல்லுவார்'னு உங்க பேருக்குப் பக்கத்துல எழுதிக்கூட வெச்சிருக்கோம்."

தம்பி, சிறுநீரகம், இருபது நிமிடம் என்று மூன்றே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு போனை விட்டுத் தள்ளி அவள் குரல் கேட்டது: "ஏய், திரைச்சீலைக்காரர் நம்பரை இன்னிக்கு யாரும் தொடாதீங்க. தொட்டீங்க, தொலைச்சிருவேன்." திரும்ப வந்து சொன்னாள்: "வைங்க சார். லைன் சும்மா கிடக்கட்டும்."

வெட்டிவிட்ட மாதிரி எல்லா அழைப்பும் நின்றது. போன் நீலத் துணியின் மேல் கிடந்தது, மனைவியின் போனில் இன்னும் புல்லாங்குழல். இருவரும் அதை அடுப்பில் பொங்கப்போகும் பாலைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து பூப்போட்ட திரைச்சீலையைப் பாதி விலைக்குக் கேட்டார். எடுத்துக்கோங்க என்றார் தள்ளுபடியார். வந்தவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டு முப்பத்துமூன்றுக்கு மணி அடித்தது.

அவர் காதில் வைத்தார், வாயைத் திறக்கவில்லை. அவள் தன் ஆஸ்பத்திரியின் முழுப் பெயரையும், பிரிவையும், பதவியையும் சொல்லி முடிக்கும் வரை மூச்சுவிடாமல் கேட்டார். மூன்று தரம் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை, இன்னும் ஏழு நிமிடத்தில் அடுத்த பெயருக்குப் போயிருப்போம் என்றாள். காய்ச்சல், சளி?

"தும்மல்கூட இல்லம்மா," என்றார். "இப்பவே கூட்டிட்டு வர்றோம்."

அவர் திரும்புவதற்குள் மனைவி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். டாக்சிக்காரர் கேட்டதை அப்படியே கொடுத்து, போகிற வழியில் தம்பியை ஏற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கதையைக் கேட்ட தம்பி, ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, கிட்னிக்கும் தள்ளுபடி கேட்டியா?"

"முதல் தடவையே அவ கம்பெனிப் பேரைச் சொல்லி முடிச்சிருந்தா கேட்டிருப்பேன்."

மறுநாள் காலை, புதுச் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். தள்ளுபடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போட்டார். தடுத்தது ஐம்பத்தெட்டு. விடுவித்தது ஐம்பத்தெட்டு, கணக்கு நேர். அதன் பிறகு எடுத்தது ஐந்து. அதில் வேண்டியது இரண்டு. இரண்டையும் பெயரோடு பதிந்துகொண்டார். கடன்காரப் பெண்ணுக்குப் பாக்கி: ஒரு முழு அழைப்பு, குறுக்கே பேசாமல், கடைசி வரை.