பட்டியலில் வந்த செம்மறி

பட்டியல் வந்தது திங்கட்கிழமை காலையில். சோள இலையின் செல்லைப் போர்த்திக்கிடக்கும் சவ்வில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று, கடற்கரை ஊரில் இருக்கும் பெரிய மெஷின் எடைபோட்டுச் சொல்லி அனுப்பிய பட்டியல். லினேயோ ஒரு வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். மேலிருந்து கீழே படித்தாள். முதல் பெயர் சோளத்துடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. முதல் ஒன்பதும் செம்மறி ஆட்டினுடையவை.

"ஆடா?" என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான் தபிசோ. அவன் அந்த ஆய்வகத்தின் உதவியாளன். பிப்ரவரியில் வயலுக்குப் போய், காய்ந்த வரப்பில் நின்று அந்த இலைகளைப் பறித்து உறையவைத்தவனும் அவன்தான். "அக்கா, நாம அரைச்சது சோள இலைதானே? இல்ல, இலையை மேய்ஞ்ச ஆட்டையும் சேர்த்து அரைச்சுட்டோமா?"

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதல்லவா? அது சிரிக்க வேண்டிய பேச்சு என்று லினேயோவுக்கும் தெரிந்தது. முகம்தான் அசையவில்லை. ஜனவரியில் மசேரு நகரத்துச் சாலையில் வேன் கவிழ்ந்து அவள் புருஷன் மொஹாவ் இறந்துபோனான். அன்றிலிருந்தே அப்படித்தான். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை.

ஆட்டுமயிரும் புரதம்தான் கண்ணுகளா. ஒரு இழை டியூபில் விழுந்தால் போதும். இது வேண்டியது, இது வேண்டாதது என்று மெஷினுக்குத் தெரியாது, உள்ளே இருப்பதைச் சொல்லும். தண்ணீருக்கு வாசல்களாக நிற்கும் சவ்வுப் புரதங்களோ சொற்பம். சவ்வின் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவை. கம்பளி கூட்டம் போட்டுவிட்டால் அவை இருக்கும் இடமே தெரியாது. மழை பொய்த்த வருடத்திலும் வாடாமல் நின்ற அந்த மலைச் சோளம் எந்த வாசலைத் திறந்து, எந்த வாசலை மூடித் தண்ணீரைக் காப்பாற்றியது? அதுதான் லினேயோவின் படிப்பு. படிப்பு டிசம்பரோடு முடிகிறது.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் எல்ஸாபே வந்தார். பட்டியலைப் பார்த்தார். பிறகு தபிசோவின் தலையைப் பார்த்தார். அதில் சிவப்புக் கம்பளித் தொப்பி.

"தபிசோ. கதவுல என்ன எழுதியிருக்கு?"

"கம்பளி கூடாதுன்னு எழுதியிருக்கு டாக்டர். ஆனா நான் உள்ள போகும்போது கழட்டிட்டுத்தான்…"

"இனிமே நீ குளிர் அறைக்குள்ள போக வேண்டாம்."

தபிசோ தொப்பியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டான். "எங்கம்மா பின்னினது. பாவம், ஆடு செஞ்ச குத்தத்துக்கு அவங்க தொப்பி உள்ள போகுது" என்றான். குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

லினேயோவின் கை வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே போயிருந்தது. அங்கே கறுப்புச் சால்வை. அடக்கம் முடிந்த அன்று மாமியார் கையால் போர்த்தி, நெஞ்சில் ஊக்குக் குத்தியது. நல்ல கனத்த கம்பளி. முதல் பெயரைப் படித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குளிர் அறைக் கதவில் பலகை இருந்தது. எல்லோரும் அதைப் படித்தார்கள். ஆனால் புருஷனை இழந்தவள் போட்டிருக்கும் கறுப்பை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். வேனில் அவள் கடைசி இருக்கையில் உட்காருவாள், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஐந்து மாதமாகக் குளிர் அறைக்குள் அந்தச் சால்வை அவளோடு போய் வந்தது. கோட்டின் கழுத்து வழியே அதன் முனை வெளியே தொங்கியது. எல்லாக் கண்ணும் அதைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் கண்ணும்தான்.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் துக்கம் காக்கிறவள் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் எல்ஸாபே சொன்னார்: "இலை இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. மெஷின்ல நமக்கு இடமும் இந்த வாரம்தான். நாளைக்கு நீ மட்டும் தனியா உள்ள போய்ச் செய். இதுவும் கெட்டா, சோளம் அடுத்துப் பூக்கற வரைக்கும் இலை கிடையாது."

அடுத்த பூப்பு பிப்ரவரியில். லினேயோ உறைபெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு பொட்டலம். அதன்மேல் தபிசோவின் கோணல் எழுத்து: 'கடைசி. பத்திரம்.' அவன் ஓரத்தில் வெறுந்தலையோடு கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜூலைக் குளிரில் காது சிவந்திருந்தது.

"தொப்பி இல்ல டாக்டர்" என்றாள். "என் சால்வை."

குழாயை மூடினான் தபிசோ.

"எனக்குத் தோணிச்சு" என்றார் எல்ஸாபே. "போன மாசமே தோணிச்சு. அதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு வாய் வரல. தபிசோ, என்னை மன்னிச்சுக்கோ."

"அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். அக்கா, நானே அரைச்சுடறேனே?"

"அரைப்ப. மேல் நீரை யார் எடுக்கறது?" என்றாள் லினேயோ.

தபிசோ தன் கையைப் பார்த்துக்கொண்டான். அரைத்து, வடிகட்டி, சுழற்றி, கடைசியில் டியூபில் இரண்டு அடுக்காகப் பிரியும். மேல் அடுக்கில் வேண்டிய சவ்வு, கீழே பச்சை. மேலே உள்ளதை மட்டும் உறிஞ்ச வேண்டும். "நான் எடுத்தா கீரை மசியலாத்தான் வரும்" என்று ஒத்துக்கொண்டான்.

"எப்போ கழட்டலாம் அதை?" என்று கேட்டார் எல்ஸாபே.

"ஆகஸ்ட்ல. ஆடு வெட்டி, சொந்தக்காரங்க முன்னாடி."

"இன்னொரு ஆடா?" என்று முனகினான் தபிசோ. எல்ஸாபே அவனை முறைத்தார்.

லினேயோ வெளியே போய் மாமியாரைப் போனில் கூப்பிட்டாள். அந்த ஊர் வழக்கப்படி தலைச்சன் பிள்ளையின் பேருக்கு முன்னால் 'மா' சேர்த்தால் அதுதான் அம்மாவின் பேர்: மாமொஹாவ். போனில் அந்தப் பேர் ஒளிர்ந்தது. 'கூடாது' என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதோடு விட்டுவிடலாம் என்று லினேயோ நினைத்தாள்.

"அத்தை, நாளைக்கு ஒரு பகல் சால்வையைக் கழட்டணும்."

"ஏன், என்ன வந்துச்சு?"

"அதுல இருக்கிற ஆட்டுமயிர் வேலையைக் கெடுக்குது."

"எந்த வேலை? அந்தச் சோளமா? நம்ம மலைச் சோளம்தானே?"

"ஆமா அத்தை."

அந்தப் பக்கம் கோழிகள் சத்தம். எதையோ "சூ, போ" என்று விரட்டினாள் அத்தை.

"கறுப்பு இல்லாம நிக்கக்கூடாது. அது எனக்கு ஆகாது. கம்பளிதான் வேணும்னு யாரு சொன்னா? குளிர்காலம் வருதேன்னு நான்தான் கனமாப் பாத்து எடுத்தேன். கடைக்குப் போய்க் கறுப்புப் பருத்தித் துணி வாங்கு. துவைச்சுப் போட்டுக்கோ. அதே ஊக்கைக் குத்திக்கோ. கம்பளியைக் கண்ட இடத்துல போடாத, மடிச்சு வை."

"சரி அத்தை."

"உள்ள ரெண்டு சட்டை போட்டுக்கோடி. எலும்பும் தோலுமாத்தானே இருக்கே. அவனும் அப்படித்தான், ஜூலை வந்தாப் போதும், அடுப்பை விட்டு…" அத்தை முடிக்கவில்லை. "வெச்சுடறேன்" என்றாள்.

புதன்கிழமை ஆய்வகத்துக்கு வந்ததும் லினேயோ கம்பளியை நாலாக மடித்துத் தன் பெட்டியில் பூட்டினாள். மெல்லிய கறுப்புத் துணியில் ஊக்கைக் குத்தி, அதன்மேல் கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பித்தானிட்டுக் குளிர் அறைக்குள் போனாள்.

இலையை அரைத்தாள். வடிகட்டினாள். சக்கையைச் சுழற்றித் தள்ளினாள். மிச்சத்தை வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துப் பிரியவிட்டாள். இந்த வேலையெல்லாம் கை தானாகவே செய்தது. டியூபை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தாள், கை ஆடியது. டியூபுக்குள் இரண்டு அடுக்குக்கும் நடுவில் இருந்த கோடு கலங்கியது.

என்ன இது என்று புரியவே நேரமாயிற்று. பல் கிட்டியது. முதுகில் யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. ஐந்து மாதம் இதே அறையில், இதே குளிரில் நின்றிருக்கிறாள். குளிர்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

டியூபைத் தாங்கியில் வைத்தாள். இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றாள். வெளியே போகலாம்தான். போனால் கோடு நிற்கும் நேரம் தப்பிவிடும். கலங்கியது மறுபடி தெளியும்வரை உடம்பு நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனியை மேல் நீரில் இறக்கி, சொட்டுச் சொட்டாக உறிஞ்சினாள். வைக்கோல் நிறத்தில் வந்தது. பச்சை துளிக்கூட இல்லை.

வெளியே வந்து உட்கார்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. தபிசோ டீயை நீட்டினான்.

"குளிருது" என்றாள்.

"ஜூலை மாசம் அக்கா. பின்ன, வேர்க்குமா?"

"குளிருது தபிசோ" என்று மறுபடியும் சொன்னாள்.

அவன் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தலையில் திரும்ப ஏறியிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். "கையை இதுக்குள்ள விடுங்க. இங்க வெளியிலதானே, ஆடு இருந்தாத் தப்பில்ல."

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. தண்ணீர் போகும் வாசல்கள் ஐந்து, வரிசையாக மேலே. ஆடு இல்லை. அடியில் ஓர் ஓரத்தில் மனிதத் தோல் கொஞ்சம் இருந்தது. அது எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அது யாருடையது என்று மெஷின் சொல்லாது.

லினேயோ அந்த வரியையும் அடிக்காமல் விட்டாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இப்போது தினமும் செய்வதுபோல் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து, ஊக்கை மாற்றிக் குத்திக்கொண்டு வேனுக்கு நடந்தாள். காற்று அடித்தது. சால்வையை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.