மாப்பிள்ளை வண்டி

அக்கா போன ஆறாம் நாள் பஸ் முதலாளி துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொறப்புலயே வீக்கான ஒடம்பு போல. அவ்வளவுதான் ஆயுசு. என்னம்மா பண்றது?"

அவர் சொல்லி முடிக்கவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய டிப்போவில் ஒரு எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கட்டுமென்று அவர் குரலை உயர்த்தி, "மனசத் தேத்திக்கோ!" என்று கத்தினார். தங்கை தலையாட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும், 'உன்னை விட மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

அக்கா தையற்காரி. வெளிச்சத்துக்காகப் பின்ஜன்னல் ஓரமாகத்தான் மெஷினைப் போட்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் இரண்டு முழம் சந்து, அப்புறம் டிப்போவின் சுவர். பள்ளிக்கூடங்களுக்கு ஓடும் இருபத்தாறு பஸ்களும் காலை ஐந்தரைக்கே உயிர்பெற்றுவிடும். பிரேக்குக்குக் காற்று ஏறவேண்டும் என்று முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடும். வெள்ளைத் துணி தைக்கும் நாட்களில் அக்கா ஜன்னலைத் திறக்கவே மாட்டாள். ஆனாலும் மேஜையில் விரலை வைத்தால் மை ஒட்டும். டிப்போ வந்த மூன்றாம் வருஷம் அவளுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்துமா என்றார் டாக்டர். "புகையில இருக்கற தூள் கண்ணுக்கே தெரியாதும்மா. மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிடும். மருந்து நான் தரேன். வீட்ட மாத்தறது உங்க கையிலதான் இருக்கு." வாடிக்கையெல்லாம் அந்தத் தெருவில் இருக்க, வீட்டை எங்கே மாற்றுவது? அக்கா இன்ஹேலரை ஊசிப்பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டு தைத்தாள்.

தங்கைக்கு வேலை வாகனப் புகை சோதிக்கும் நிலையத்தில். டிரைவர்கள் அவளை மீட்டரக்கா என்பார்கள். சைலன்சரில் குழாயைச் செருகி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, எத்தனை கறுப்பு என்று மீட்டர் காட்டுவதைப் பார்க்கவேண்டும். நம்பர் பலகையைக் கேமரா படம் எடுக்கும். கீழே அவள் கையெழுத்து.

முதலாளியின் பஸ்களுக்கு மட்டும் நடைமுறையே வேறு. அவருடைய மெக்கானிக் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வருவான். எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, புது ஃபில்டர் போட்டு, பளபளவென்று துடைத்த வண்டி. அதற்கு நிலையத்தில் வைத்த பெயர் மாப்பிள்ளை. கூடவே ஒரு சாக்கில் மீதி இருபத்தைந்து பஸ்களின் நம்பர் பலகைகள். பலகையை மாற்றி மாற்றி மாட்டுவார்கள். மாப்பிள்ளையே இருபத்தாறு தடவை பாஸாவார். நிலையத்தை நடத்துபவர் கண்ணைக் காட்டுவார், தங்கை கையெழுத்துப் போடுவாள். எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஒருமுறை அக்கா அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து புகார் மனு கொடுத்தாள். அதிகாரி கூப்பிட்டு ஒரு கட்டு நகல்களைக் காட்டினார். "எல்லா வண்டிக்கும் சான்று இருக்கேம்மா. புகை எங்கேர்ந்து வருதுன்னே தெரியலியே."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா சண்டை போடவில்லை. ஊசியில் நூலைக் கோத்தபடி, "உன் கையெழுத்து அழகா இருக்குடி" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சான்றுகளைத்தான் சொல்கிறாள் என்று தங்கைக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆகட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நாட்களைத் தள்ளினாள். இரண்டு மாதம் கழித்து, காற்றே அசையாத ஒரு குளிர்காலக் காலையில், இருபத்தாறு எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்கவில்லை. உதடு நீலமாயிற்று. தங்கை போட்ட கூச்சலில் சுவரேறிக் குதித்து வந்தவர் டிப்போ டிரைவர் ஒருவர்தான். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தங்கை ஐந்து மாதம் காத்திருந்தாள். எப்போதும்போல வேலைக்குப் போனாள், மெக்கானிக் அடித்த ஜோக்குக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். பழைய சான்றுகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் பின்பம்பரில், இடது ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். நான்கு வருஷப் படங்களிலும், எந்த நம்பர் பலகையாக இருந்தாலும், பக்கத்தில் அதே நசுங்கல். பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிகள் திறக்க நான்கு நாள் இருந்தது. புதுச் சான்று இல்லாமல் பள்ளிகளில் பஸ்ஸைச் சேர்க்க மாட்டார்கள். நிலையத்தை நடத்துபவர் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய், பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார். மெக்கானிக் வழக்கம்போல மாப்பிள்ளையையும் சாக்கையும் கொண்டுவந்தான்.

"அண்ணே, பழைய வேலை இனிமே செல்லாது," என்றாள் குரலைத் தாழ்த்தி. "புதுசா வண்டிக்கு வண்டி செக் பண்றாங்க. மாட்டினா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். எல்லா வண்டியையும் கொண்டாந்து நிறுத்துங்க. நான் பாத்துக்கறேன்."

"பாஸாயிடுமாக்கா?"

"நான் இருக்கேன்ல?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பஸ்கள் தெரு முழுக்க வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் குழாயைத் தானே செருகினாள். "நல்லா அடிவரைக்கும் மிதிங்க. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை." கறுப்பு கறுப்பாகத் தள்ளியது. மீட்டர் முள் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முகமூடிக்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஒவ்வொரு அளவும் பதிந்த உடனே அரசாங்கக் கணினிக்குப் போய்விடும். ஒரு நிலையத்தில் தோற்ற வண்டியைப் பதினைந்து நாளைக்கு வேறு எங்கும் சோதிக்கவும் முடியாது. மெக்கானிக்கோ நிழலில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தான்.

"பேப்பர் எங்கக்கா?"

"மொத்தமா எடுத்துத் தரேன்ணே."

நான்கு மணிக்கு எடுத்துக் கொடுத்தாள். ஒன்று பச்சை, மாப்பிள்ளையுடையது. இருபத்தைந்து சிவப்பு.

முதலாளி வந்தபோது செருப்பு ஒரு காலில் கழன்றிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் உள்ளே வந்தார். முதலில் சிரித்துப் பார்த்தார். அப்புறம் கத்தினார். அப்புறம்தான் அவள் முகத்தை அடையாளம் கண்டார்.

"நீ... அந்த டெய்லரம்மாவோட தங்கச்சில்ல?"

"ஆமா. வீக்கான ஒடம்புன்னு சொன்னீங்களே, அவளோட தங்கச்சி."

"அதுக்குப் பழி வாங்கறியா?"

"ஆமாங்க."

மறுப்பாள் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். மேஜையில் கையூன்றிக் குனிந்தார். "இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டது யாரு? நான் மாட்டினா நீயும் மாட்டுவ. யோசிச்சியா?"

"யோசிச்சேன். மாப்பிள்ளையோட நசுங்கல் தெரியற பழைய படத்தையெல்லாம் என் கையெழுத்தோட சேத்து காலையிலேயே பெரிய ஆபீசுக்கு அனுப்பிட்டேன். பள்ளிக்கூடங்களுக்கும் ஒவ்வொரு காப்பி. முதல் பேர் என்னோடதுதான். உங்க பேர் ரெண்டாவது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே இன்னும் நான்கைந்து பஸ்கள் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. புகை அறைக்குள் திரண்டு வந்தது. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வழிய, ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அவள் திரும்பவில்லை. அவர் இருமி முடிக்கும்வரை, ஒரு இருமல்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பள்ளிகள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. அதிகாரிகள் பஸ்களை முடக்கினார்கள். நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது. அவளுடைய உரிமத்தை ரத்துசெய்து, வழக்கில் அவளையும் சேர்த்தார்கள். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றே சொன்னாள். நிலையத்தை நடத்தியவர் போனில் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். முடியும்வரை கேட்டுவிட்டு வைத்தாள்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய டிரைவர் ஒரு மத்தியானம் வந்தார். உள்ளே வரவில்லை.

"அவரு எப்படியும் பொழைச்சுக்குவாரும்மா. இப்ப வேலையில்லாம நிக்கறது நாங்க. என்னை ஒரு நிமிஷமாவது நெனைச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்ணே."

"பாத்துமா?"

"பாத்துட்டுதான் பண்ணேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "அந்தம்மா வெயிட்டே இல்ல தெரியுமா, ஒரு துணி மூட்டை மாதிரி இருந்தாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான், அக்கா இறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு வந்தது.

டிரைவர் சொன்னது சரிதான். முதலாளி பிழைத்துக்கொண்டார். மூன்றே மாதத்தில் மச்சான் பேரில் புதுக் கம்பெனி. நகரத்தின் மறுகோடியில், வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் அதே பஸ்கள், பெயிண்ட் மட்டும் வேறு. சேதி கேட்ட அன்று அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அந்த இடத்துக்குப் போய் இறங்கினாள். கொடியில் காய்ந்த துணிகளை விரலால் தடவிப் பார்த்தாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். "யாரு வேணும்?"

"பின்னாடி அந்த டிப்போ வந்ததுலேர்ந்து உங்க வீட்ல யாருக்காவது இழுப்பு வருதாம்மா?"

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்றாள்.