இரைச்சல் நீக்கிய ஆறு மணி நேரம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மேசைகள். ஒன்றில் நாங்கள் ‘பேங்க்’ என்று கூப்பிடுபவர். பதினோரு வருடம் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு, தாலாட்டை ஆராய்வதற்காக வேலையை உதறிவிட்டு வந்த மனுஷன். அடுத்ததில் சவுண்டு, ஒன்பது வருடம் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கிடந்தவன். மூன்றாவது நான், தையல் ஃபாக்டரியிலிருந்து வந்தவள். மக்களின் இசையை ஆராய்கிறோம் என்று பெயர். சொந்தக்காரர்களிடம் சொன்னால், "பாட்டு கேக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்பார்கள்.

என் ஆய்வு அதே ஃபாக்டரியில் அம்மா உட்கார்ந்து தைக்கும் வரிசையைப் பற்றியது. நாற்பது பெண்கள், வேலையோடு வேலையாகப் பாடுவார்கள். மெஷின் ஓடினால் பாட்டும் ஓடும். துணியைத் திருப்ப மெஷினை நிறுத்தினால் பாட்டும் அரை மூச்சு நிற்கும். தாளம் போடுவது மெஷின்தான் என்பது என் வாதம். அதை விட்டால் என்னிடம் வேறு சரக்கு கிடையாது.

பதிவு செய்து முடித்த மறு மாதம் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின, அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் நான் ஏற்றி வைத்த ஆறு மணி நேரம் மட்டும். ரெக்கார்டரில் இருந்ததை அழித்து அடுத்தவரிடம் கொடுத்தாயிற்று. இரண்டு பிரதி வைக்க வேண்டும் என்று முதல் வாரமே படித்துப் படித்துச் சொன்னார்கள். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே இருந்தேன். புத்தி கெட்டவள்.

ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டிய நாள் காலையில், சவுண்டு முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"ரெண்டு நாளா உக்காந்து உனக்கு ஒரு வேலை முடிச்சு வச்சிருக்கேன். கேட்டுப் பாரு."

ஹெட்ஃபோனை மாட்டினேன். அம்மாவின் குரல், தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை.

"மெஷின் எங்கே?"

"எடுத்துட்டேன்ல! என்னா இரைச்சல்! ஆறு மணி நேரமும் இப்போ சுத்தம்."

"பழசு?"

"அது மேலேயேதான் சேவ் பண்ணி..." சொல்லும்போதே அவன் முகம் செத்துப்போனது. மூன்று வருடமாக என் வாதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான். கேட்டது தலைக்குப் போயிருக்கிறது, கைக்குப் போகவில்லை. கைக்குத் தெரிந்தது ஸ்டூடியோ வேலை. குரல்தான் பாட்டு, மற்றதெல்லாம் குப்பை.

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அழுகிறவனை என்ன செய்ய? பேங்க் எழுந்து வந்து, "திரும்ப எடுக்க வழியே இல்லையாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். சவுண்டு இல்லையென்று தலையாட்டினான்.

குழுவில் என் வழிகாட்டி மேடம் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "குரல் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா நீ எழுதியிருக்கற மெஷின் இதுல இல்லையே. வேற தலைப்பு பாரு." வேறு தலைப்பு பார்க்க எனக்கு நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினார்.

வீட்டுக்குப் போய் அம்மாவைப் பாடச் சொன்னேன். மேசை விளிம்பில் கையை வைத்து, இல்லாத துணியைத் தள்ளிக்கொண்டே தொடங்கினாள். இரண்டு வரியில் நின்றுவிட்டது.

"மெஷின் ஓடாம எங்கேடி வரும்?"

ஃபோனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருடி இது?"

"நீதாம்மா."

"நானா? வேலை வெட்டி இல்லாத பொம்பள ஒருத்தி உக்காந்து பாடற மாதிரியில்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அணைச்சிடு," என்றாள்.