தேவானை கேட்ட சீட்டு

சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்து பத்து நாள் கழித்து, மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடிசைப் பகுதியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் முகத்தில் துணி கட்டியிருக்க வேண்டுமாம். நோய் இல்லை என்று டாக்டர் சீட்டு காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம். டீச்சரான நானும்தான். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அதில் மாட்டியது ஒரே ஆள், தேவானை. சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வந்து, எங்கள் கட்டடத்தில் என் வீடு உட்பட நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். இந்த நாலு வீடு போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் தினமும் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டு நேராக எங்கள் சமையலறைக்குள் வருகிறார். அவரிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை. கேட்டால் அடுத்த சிலிண்டர் வராதே!

தேவானை இரண்டு நாள் சைதாப்பேட்டை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். முதல் நாள், நல்லாயிருக்கிறவங்களுக்கு எதுக்கு சீட்டு என்று டாக்டர் விரட்டிவிட்டாராம்.

அவள் அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் பத்ரி வந்து இறங்கினான். எங்கள் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர் கல்யாணராமனின் பிள்ளை. நோட்டீஸை டைப் அடித்து ஒட்டியவரே கல்யாணராமன்தான். பத்ரிக்கு எந்த ஊரில் வேலை தெரியுமா? சூரத்தில். ஊரே காலியாகிவிட்டது என்று ரயிலேறி வந்துவிட்டான். அவனைப் பற்றி நோட்டீஸ் எதுவும் ஒட்டப்படவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். உள்ளே போனதும் அவிழ்த்துவிட்டார்கள். கட்டிக்கொண்டு எப்படிப் பாடுவது? பத்ரி இருமிக்கொண்டே எல்லோருக்கும் கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தான்.

“ரயில் தூசி, வேறொண்ணுமில்லை” என்றாள் அவன் அம்மா ஜெயலக்ஷ்மி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையை நீட்டி வாங்கினேன். கொலு வீட்டில் சுண்டலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? கடைசிக் கடலை வரைக்கும் தின்றேன்.

மறுநாள் காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது தேவானை கேட்டில் நின்றிருந்தாள். முகத்தில் துணி, கையில் சீட்டு.

“பாத்துக்கோ சார். முத்திரை கீது.”

கல்யாணராமன் சீட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். “சரி. மொதல்ல எங்காத்துக்கு வா. கொலுவுக்கு வந்தவாள்ளாம் சாப்ட்ட பாத்திரம் மலையா கெடக்கு.”

தேவானை நகரவில்லை. “உங்க புள்ள சூரத்துலேர்ந்து வந்துகீறாராமே. அவரு சீட்டக் காட்டு சார்.”

“அவன் எங்காத்துப் பையன். அவனுக்கு எதுக்கு சீட்டு?”

“எங்கூட்லயும் ரெண்டு பொண்ணுங்க கீது சார். அவரு துன்ன தட்ட நான்தான கயுவணும்?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்போ நீ வரவே வேண்டாம். வேற ஆள் பாத்துக்கறோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவ கேக்கறதுல என்ன சார் தப்பு? நேத்து உங்க பையன் கையால இந்தக் கட்டடமே சுண்டல் வாங்கித் தின்னோம். யாராவது சீட்டு கேட்டோமா? இவகிட்ட மட்டும் எதுக்கு?” என்று கத்திவிட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெரிய நியாயம் பேசிவிட்ட திருப்தியோடு அவள் பக்கம் திரும்பினேன். “நீ என் வீட்டுக்கு வா தேவானை. யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

“நீங்களும் அங்க துன்னீங்களா டீச்சரம்மா? அப்ப உங்க சீட்டயும் வாங்கியாந்துடுங்க. அப்பால வரேன்.”

தன் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். மற்ற இரண்டு வீடுகளுக்கும் இதையே சொல்லி அனுப்பினாள். கல்யாணராமன் இரண்டு நாள் ஆள் தேடினார். சூரத் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஒருத்தியும் வரவில்லை.

எனக்கும் அவள்மேல் கோபம்தான். அவளுக்காகப் பேசியவளிடமேவா சீட்டு கேட்பது என்று ராத்திரி முழுக்கப் பொருமினேன். காலையில் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வரிசையில் தேவானையைப் போல வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் நிறைய. எனக்கு முன்னால் நாற்பது பேர். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு.

“நல்லாத்தானேம்மா இருக்கீங்க. யாரு கேட்டாங்க சீட்டு? ஆபீஸ்லயா?” என்றார் டாக்டர்.

“இல்லை சார். எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.