சுரைக்குடுக்கைக் கொடி

அச்சுப் பலகை செதுக்கும் கிஹாச்சிக் கிழவர் யாரையும் நம்புகிறவர் அல்ல. படம் அச்சிட்டு விற்கும் மோஎமோன் சிரித்துக்கொண்டு வந்தால் சுத்தமாக நம்பமாட்டார். அவன் கொடுத்த வீரன் படத்தைச் செதுக்குவதற்காகச் செர்ரிமரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளின் முதுகை விரலால் தேய்த்து உரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வீரனும் குதிரையும் கம்பி கம்பியாகத் தெளிந்து நின்றார்கள். கொடியில் மட்டும் மை பசையில் ஊறிக் கசிந்திருந்தது. அங்கே ஒரு சுரைக்குடுக்கை.

கசிகிற மை புது மை. ஓரத்தில் இருந்த தணிக்கை முத்திரையோ போன மாதத்தது. அதிகாரி பார்த்தபோது கொடி வெறுமையாக இருந்திருக்கிறது.

அது யார் சின்னம் என்று எடோ நகரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது ஆளும் ஷோகனின் முன்னோர் பூண்டோடு அழித்த குடும்பம். அதைப் படமாகப் போட்டவன் கையில் விலங்கு ஏறும். செதுக்கச் செதுக்கத் தாள் தூளாகிவிடும். அப்புறம் பலகைதான் சாட்சி.

"முத்திரைக்கு அப்புறம் வரைஞ்சிருக்கே. எவன்டா போட்டது?" என்று மோஎமோனைக் கேட்டார்.

"வயசான கண்ணு பெரியவரே, என்னத்தையாவது பாக்கும். வெட்டுங்க."

"விலங்குக்கு உன் கையை அளவு குடு. என்னுது வேணாம்."

"வெறுங்கொடியை எவன் வாங்குவான்? கோமணம் காயுதுன்னு நெனப்பான்."

"நெனச்சுட்டுப் போறான்."

குடுக்கை இருந்த இடத்தை உளியால் குழித்தெடுத்தார். குழித்த இடத்தில் மை ஏறாது; கொடி வெறுமையாகத்தான் அச்சாகும். மோஎமோன் சண்டை போடவில்லை. அதைத்தான் கிழவர் நம்பவில்லை.

"பலகை மூலையில இருக்கிற உங்க பேரையும் எடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி ஒதாகி.

"பேரில்லாத வேலை திருட்டு வேலைடி. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, தோஃபு வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"உங்க படம் மோஎமோன் கடையில தொங்குது. கூட்டமா நிக்கிறாங்க. கொடியையே பாக்குறாங்க."

கிழவர் போய்ப் பார்த்தார். கொடியில் சுரைக்குடுக்கை. அதைச் சுற்றி மயிரிழையாக ஒரு சதுரக் கோடு. பலகையில் ஓட்டை போட்டு, சின்னம் வெட்டிய கட்டையைச் செருகியிருக்கிறார்கள். செதுக்குகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

"இது என் கை இல்ல" என்றார்.

மோஎமோன் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "நான் முத்திரை வாங்கின படத்துல வெறுங்கொடி. அதிகாரியே பாத்தாரு. வெட்டினது நீங்க."

கூட்டம் விலகி, கிழவரைச் சுற்றி வெற்றிடம் விட்டது. அந்த வெற்றிடத்துக்குள் தடியோடு இரண்டு காவலர்கள் வந்தார்கள்.

"படத்து மூலையில பேர் போட்டிருக்கிற கிஹாச்சி யாரு?"

"நான்தான். ஆனா கொடியில இருக்கிறது..."

"கொடியைப் பத்திக் கேக்கல. கையை நீட்டு."