ஆக்கிரமிப்பில் இரண்டு ஜக்கெற்றுகள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். ரொறொன்ரோவின் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் வாரப் பத்திரிகைகளில் ஒன்று பஸ்ரியனுடையது. சேலைக்கடை விளம்பரத்துக்கும் வீடு விற்பவரின் படத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, அமெரிக்க வெளியுறவுக் கொள்கையையும் அரபு இஸ்ரேல் பிணக்கையும் பற்றி எழுதித் தாரும் என்றார். நான் உடனே ஓமென்றேன். ஏன் அவ்வளவு உடனே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

மத்திய கிழக்கில் அமெரிக்காவின் நலன்கள் மூன்று வகைப்படும். முதலாவது, எண்ணெய். இரண்டாவது

இரண்டாவதை எழுதுமுன் பேபியின் நினைப்பு வந்துவிட்டது. கட்டுரை போனது போனதுதான்.

2

[வேறொரு தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்தது.' வேண்டாம். கனடாக் கதைகள் எல்லாமே பனியில்தான் தொடங்குகின்றன.]

பேபி குலசிங்கத்தின் மனைவி, நவரட்ணத்தின் தங்கை.* தொண்ணூற்றொன்று ஜனவரியில் ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதியில் இருந்த அவளுடைய அப்பார்ட்மென்றில் எல்லாரும் வளைகுடா யுத்தத்தை ரிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈராக்கின் ஏவுகணைகள் இஸ்ரேலில் விழுந்தன. அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி இஸ்ரேல் திருப்பி அடிக்கவில்லை. சுற்றிவர எதிரியை வைத்துக்கொண்டு உப்பிடிப் பொறுக்கிறதுக்கு ஒரு நெஞ்சு வேணும் என்று குலசிங்கம் புகழ்ந்தார். நவரட்ணம் விடவில்லை. குவைத்துக்காக ஐ.நா. தீர்மானத்தை அமெரிக்கன் ஆறு மாதத்தில் பீரங்கி வைத்து நிறைவேற்றுகிறான், பாலஸ்தீனத்தின் தீர்மானங்கள் இருபது வருடத்துக்கும் மேலாகத் தூசி பிடித்துக் கிடக்கின்றன, அதற்கு மட்டும் அவனுக்குக் கண் தெரியாதோ என்று கேட்டார். அவர் குவைத்தில் வேலை செய்தவர். அங்கே அவருக்கு மேலே இருந்த போர்மன் ஒரு பாலஸ்தீனர். மத்தியானத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

(குவைத் வேலை கதைக்கு வசதியாக வந்து விழுந்ததோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. நவரட்ணத்தை ஒருநாள் சவூதிக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே அவருக்குக் கோபம் போதவில்லை. திருப்பிக் கூப்பிட்டுவிட்டேன்.)

அப்போதுதான் குலசிங்கம் அந்த வார்த்தையை விட்டார்.

"அந்தத் தட்டிலை திண்ட சோத்துக்குத்தானே இப்ப குரைக்கிறியள்."

நவரட்ணம் எழும்பினார், சப்பாத்தைப் போட்டார், கொழுவியிருந்த ஜக்கெற்றை உருவிக்கொண்டு போனார். அது குலசிங்கத்தின் ஜக்கெற். முதல் விண்டருக்கு இருவரும் ஒன்றாகப் போய், ஒரே மலிவு விற்பனையில் ஒரே கடும்நீலத்தில் வாங்கியவை அந்த இரண்டும். குலசிங்கம் ஒல்லி, நவரட்ணம் வயிறு வைத்தவர், அதுதான் வித்தியாசம். திருப்பிக் கொடுத்தால் தோற்றதாகிவிடும் என்று இரண்டு பேருமே கொடுக்கவில்லை, பேச்சும் அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விண்டரிலும் நவரட்ணம் வயிற்றுக்கு மேல் சிப்பை இழுத்துப் பூட்ட முடியாமல் நெஞ்சில் குளிர் வாங்கினார். குலசிங்கம் பஸ் தரிப்பில் கூடாரம் அடித்தவர் மாதிரி நின்றார்.

* பேபி வீட்டுப் பெயர். பதிவுப் பெயரைக் கேட்டேன். கதைக்கு அது தேவையில்லை என்றுவிட்டாள்.

3

நவரட்ணம் அரபு, குலசிங்கம் இஸ்ரேல், பேபி அமெரிக்கா என்று நீங்கள் இதற்குள் பெட்டி பிரித்து வைத்திருப்பீர்கள். நானும் பிரித்தேன். பேபிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆயுதமும் மற்றப் பக்கத்துக்கு ஆலோசனையும் கொடுக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே இடியப்பம்தான்.

அவளுக்கு வேண்டியதும் கொள்கை அல்ல, அண்ணைதான். இந்த நாட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே கூடப்பிறந்தது அவர். தொண்ணூற்று மூன்றில் அவளும் குலசிங்கமும் ரொறொன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கினார்கள். அண்ணை காலடி வைக்காத வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்று அவள் நின்றுகொண்டாள். பிறகு தொலைபேசியில் தூது தொடங்கியது. ஜக்கெற்றோடு வரட்டும் என்றார் குலசிங்கம். முதலில் அவர் என்னுடையதை அனுப்பட்டும் என்றார் நவரட்ணம். யார் முதல் என்பதில் பேபிக்குக் காது சூடேறிப் போனது. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள்: புதுவீட்டு வாசலில் உடுப்புக் கொழுவுகிற குளோசெற்றில் இரண்டு ஜக்கெற்றும் ஒரே நேரத்தில் தொங்க வேண்டும், ஒருவரும் ஒருவருக்கும் கையில் கொடுக்கத் தேவையில்லை.

ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நாள் செப்ரெம்பர் பதின்மூன்று, திங்கட்கிழமை. நான் குறிக்கவில்லை. கதாசிரியனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் வாய்த்தால் வாசகர் நம்ப மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

4

நல்ல வெயில். நவரட்ணம் விண்டர் ஜக்கெற்றைப் போட்டபடியே, வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். பால் பொங்கியது. இரண்டு ஜக்கெற்றும் குளோசெற்றில் தொங்கின. இரண்டு ஆண்களும் சோபாவின் இரண்டு தலைப்பில் இருந்து, வாய் திறக்காமல் ரிவியைப் பார்த்தார்கள். அதே நாள் வாஷிங்டனில் புல்வெளியில் பரம எதிரிகளான இஸ்ரேல் பிரதமரும் பாலஸ்தீனத் தலைவரும் கைகுலுக்க, அமெரிக்க ஜனாதிபதி கைகளை அகல விரித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

[முடிவு அ: மச்சான்மார் இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். கண்கள் பனி... இல்லை, எங்கள் ஆட்கள் மச்சானுக்குக் கை கொடுக்கிற சாதியே இல்லை.]

[முடிவு ஆ: பேபி நடுவில் நின்று கைகளை விரித்தாள். அவளுடைய கையில் அகப்பை. இதுவும் வேண்டாம்.]

நடந்தது வேறு. நவரட்ணம் ரிவியைப் பார்த்துச் சொன்னார்:

"ரகசியமாப் பேசிச் சமைச்சது நோர்வேக்காரன். பரிமாறுறது இவர்."

குலசிங்கமும் ரிவியைப் பார்த்துத்தான் சொன்னார்:

"பரிமாறவும் ஒராள் வேணும்தானே."

அதன்பிறகு ஆரம்பித்தது. எல்லைக்கு என்ன வழி, அகதிகளுக்கு என்ன வழி, ஜெருசலேம் யாருக்கு, அமெரிக்கன் யாரை ஏய்க்கிறான் என்று சோறு ஆறும்வரை சத்தம். குசினியில் பேபிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இவ்வளவு காலமும் அவளை வருத்தியது சண்டை அல்ல, அந்தப் பேச்சில்லாமைதான்.

5

பஸ்ரியனுக்கு உடனே ஓமென்றதன் காரணத்தைச் சொல்ல வேண்டுமே.

சோறு போட்டபடி பேபி சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அப்ப, எங்கட சண்டைக்கு என்ன வழி அண்ணை?"

இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். குலசிங்கம் ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். நவரட்ணம் எழும்பி, திறந்திருந்த ஜன்னலை மூடிவிட்டு வந்து, பருப்பு நல்லாயிருக்கு என்றார். ஊரில் நடக்கிற யுத்தத்தைப் பற்றி அவர்கள் வாய் திறந்ததே இல்லை. யார் எந்தப் பக்கம், எந்தச் சொல் யாருடைய காதுக்குப் போய்ச் சேரும் என்ற பயம். அரபுக்காரரும் இஸ்ரேல்காரரும் இல்லாவிட்டால் இந்த மனுசர்கள் எதைச் சொல்லித்தான் கத்துவார்கள்?

[இங்கே ஒரு வசனம் இருந்தது. வெட்டிவிட்டேன். நானும் ஜன்னலை மூடுகிற ஆள்தான்.]

6

வெளிக்கிடுகிற நேரம். பேபி குளோசெற்றைத் திறந்தாள். அண்ணையின் ஜக்கெற்றை அண்ணையிடம் கொடுத்தாள் என்று எழுதினேன். கணக்குத் தீர்ந்தது, கதையும் முடிந்தது.

ஆனால் அவளுடைய கை அதற்குப் போகவில்லை. இரண்டையும் தடவிப் பார்த்தாள். தன் புருசனின் சின்ன ஜக்கெற்றை உருவி அண்ணையின் கையில் வைத்தாள். பேபி, அது பிழை என்று அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் சின்னதைத்தான் எடுத்தாள். அவளிடம் கேட்டுப் பயனில்லை. சொந்த ஜக்கெற்றோடு போனால் அண்ணை திரும்பி வர ஒரு சாட்டுக்கும் இடமில்லை அல்லவா?

வாஷிங்டனில் கொடுத்த கை என்னவாயிற்று என்பது பத்திரிகை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். இது அஜக்ஸ். நவரட்ணம் வாசலில் நிற்கிறார், ஜக்கெற் கையில் இருக்கிறது. போட்டுப் பார்ப்பதா, மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போலக் காரில் ஏறுவதா என்று யோசிக்கிறார். பஸ்ரியன் தந்த பக்கத்தில் இன்னும் கொஞ்ச இடம் மிச்சம். அதை நீங்களே எழுதிவிடுங்கள். ஒன்று மட்டும், அந்தச் சிப்பைப் பூட்ட வைத்துவிடாதீர்கள்.